மறைத்த நோய் வளரும்

(உலகத் தொழுநோய் நாளையொட்டித் தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு உலகத் தொழுநோய் நாளாக அனுசரிக்கப்படுகிறது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ரவுல் ஃபொலெரோ 1954இல் தொடங்கி வைத்த வழக்கம் இது. "சம்பளம், போனஸ், வீடு என்று பேசவேண்டிய சங்க மேடையில் நோயைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறோம். இந்த நோய் தொழிலாளியின் கையைப் பிடிக்கிற நோய். கை போனால் கத்தி போயிற்று. கத்தி போனால் சம்பளம் போயிற்று. சம்பளம் போனால் லயத்து வீடும் போயிற்று. இது தொழிற்சங்கப் பேச்சு அன்று என்றால் வேறு எதுதான் தொழிற்சங்கப் பேச்சு?

கத்தி பட்டது, வலிக்கவில்லை

எங்கள் லயத்தில் முன்பு நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

அவர் நல்ல வெட்டுக்காரர். பட்டை வீணாகாமல், மரத்தில் காயம் படாமல் பால் வெட்டுவதில் அந்த டிவிஷனில் அவருக்கு நிகர் இல்லை. ஒரு நாள் காலையில் நிரையில் பாதி மரம் வெட்டி முடித்திருந்தார். பக்கத்து நிரைக்காரர், "அண்ணே, கையிலே ரத்தம்!" என்று கத்தினார். குனிந்து பார்த்தால் இடது கைச் சுண்டுவிரலில் கத்தி ஆழமாகப் பட்டிருக்கிறது. மங்கில் வடிந்த பாலில் சிவப்புக் கலந்திருக்கிறது. அவருக்கோ வலியே தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். "அண்ணனுக்கு இரும்புக் கை" என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்.

முழங்கைக்குக் கீழே ஐம்பது காசு அளவில் வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் உணர்ச்சி இல்லை. மனைவிக்குக்கூட அவர் அதைச் சொல்லவில்லை. மந்திரித்த கயிறு கட்டினார். சந்தையில் விற்ற களிம்பு தடவினார். இப்படியே மூன்று ஆண்டு போயிற்று. சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கிப்போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மருந்து நோயைத் தீர்த்தது. மடங்கிய விரல்கள் மட்டும் நிமிரவில்லை.

"ஏன் மறைத்தீர்கள்?" என்று பிறகு கேட்டோம். "கிருமிக்குப் பயந்து மறைக்கலே தம்பி. பெரட்டிலே என் பேரைக் கூப்பிடமாட்டாங்களேன்னு பயந்து மறைச்சேன்" என்றார்.

தோழர்களே, இந்த ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்று பேசுகிறோம். மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், சர்க்காரும் இருக்கிறது. அவ்வளவும் இருந்தும் ஒரு தொழிலாளியின் விரல் போனது, அவர் வாய் திறக்க அஞ்சியதால். அந்த வாயைத் திறக்க வைப்பது எப்படி? நோயாளியும் சுகாதார அதிகாரியும் நண்பர்களானால்தான் அது முடியும் என்பது எங்கள் கருத்து.

நோயின் உண்மை

நோயைப் பற்றிய உண்மையை முதலில் தெரிந்துகொள்வோம். தொழுநோய் சாபமன்று, முற்பிறவிப் பாவமன்று, பரம்பரை நோயுமன்று. அது ஒரு கிருமியால் வருவது. நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் டாக்டர் ஆர்மவர் ஹான்சன் 1873இல் அந்தக் கிருமியைக் கண்டார். மருந்து உட்கொள்ளாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழ்பவர்களுக்கு, மூக்கு, வாய் வழியாக வரும் நுண்துளிகளால் அது பரவுகிறது. கை குலுக்குவதாலோ, சேர்ந்து உண்பதாலோ, பக்கத்தில் உட்காருவதாலோ பரவாது. மக்களில் மிகப் பெரும்பாலோரின் உடம்பு இயற்கையாகவே இக்கிருமியை எதிர்த்து நிற்கும். கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டு ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகலாம்.

மருந்தோ கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு 1981இல் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்பன அம்மருந்துகள். அந்நிறுவனம் வகுத்தபடி, நோய் குறைவாக உள்ளவருக்கு 6 மாதம், மிகுதியாக உள்ளவருக்கு 12 மாதம். டாக்டர் தேவையென்று கருதினால் இன்னும் நீட்டுவார். மருந்து உட்கொள்ளத் தொடங்கியதும் விரைவிலேயே அவர் பிறருக்கு நோயைப் பரப்பாதவர் ஆகிவிடுகிறார்.

மலேசியா 1994இல், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற உலக அளவுகோலை எட்டிவிட்டது. அதனால் நோய் ஒழிந்துவிட்டது என்று பொருளில்லை. இந்நாட்டில் அண்மை ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. உலகம் முழுவதிலும் 2023இல் 1,80,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர், கண்ணுக்குத் தெரியும் ஊனம் வந்த பிறகே கண்டுபிடிக்கப்பட்டவர்கள். மருந்து இருக்கும் காலத்தில் ஒருவருக்கு ஊனம் வருகிறதென்றால், மருந்துக்கும் அவருக்கும் நடுவில் ஏதோ ஒரு சுவர் நிற்கிறது என்றுதான் பொருள்.

அதிகாரியால் மட்டும் முடியாது

அந்தச் சுவரைச் சுகாதார அதிகாரி ஒருவராகவே இடித்துவிட முடியுமா? அவர் சுவரொட்டி ஒட்டலாம். கூட்டம் போட்டுப் பேசலாம். ஆனால் இலாகா வண்டி தோட்டத்துக்குள் நுழைந்ததும் லயத்தில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். தேமல் உள்ளவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். "யாரைப் பிடிக்க வந்திருக்கிறார்கள்?" என்பதே முதல் கேள்வி.

மருந்தின் கதையை எடுத்துக்கொள்வோம். "தவறாமல் சாப்பிடு" என்று அதிகாரி சொல்லுகிறார். வீட்டுக்குப் போய் மாத்திரை சாப்பிட்டவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. பயந்துபோகிறார். சில மாதத்தில் தோல் கறுக்கிறது. லயத்தில் எல்லாரும் முகத்தை உற்றுப் பார்க்கிறார்கள். மருந்தை நிறுத்திவிடுகிறார். அதே நேரத்தில், குணமடைந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் இப்படித்தான் சிவப்பாகப் போயிற்று, அது மருந்தின் நிறம். தோலும் கறுத்தது. மருந்து முடிந்த பிறகு கொஞ்சங் கொஞ்சமாகப் பழைய நிறம் வந்துவிட்டது. ஆனால் நரம்பு வலித்தாலோ, தேமல் சிவந்து வீங்கினாலோ காத்திருக்காதே, அன்றைக்கே டாக்டரிடம் போ" என்று சொன்னால்? அதிகாரி நூறு முறை சொன்னதைவிட இவர் ஒரு முறை சொன்னது நெஞ்சில் பதியும்.

இன்னொன்று. நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களைச் சோதித்துப் பார்ப்பதே நோயை ஒழிக்கும் வழி. அப்படிப்பட்டவர்களுக்கு, நோய் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, முன்காப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. யார் யாரோடு நெருங்கிப் பழகினார் என்பது எந்த இலாகாப் பதிவேட்டிலும் இல்லை. அது நோயாளியின் மனத்தில் இருக்கிறது. நம்பிக்கை வந்தால்தான் சொல்லுவார். அவர் சொல்லாவிட்டால் அதிகாரி இருட்டில் தேடவேண்டியதுதான்.

கேட்காமல் தொட்டால்

நட்பு என்றால் கைகட்டி நிற்பதன்று. இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. கிருமியைக் கண்ட அதே டாக்டர் ஹான்சன், நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுகிறது என்று நிரூபிக்க விரும்பினார். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவருடைய சம்மதத்தைக் கேட்காமலே, நோய்ப் பொருளை ஊசியால் ஏற்றினார். அது நீதிமன்றத்துக்கு வந்தது. 1880இல் ஹான்சன் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஆஸ்பத்திரி டாக்டர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உலகம் புகழும் விஞ்ஞானியாக இருந்தாலும், கேட்காமல் தொடக்கூடாது என்று அந்த நீதிமன்றம் சொல்லிற்று. நோயாளிக்கும் அதிகாரிக்கும் உள்ள நட்பின் முதல் விதி அதுதான்.

சுங்கை பூலோ

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். சுங்கை பூலோ என்ற பெயரை அறியாத ரப்பர் தொழிலாளி இருக்க முடியாது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த இடம். அதே சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதற்கு முன்பு செத்தாப்பாக்கிலும் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும் நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். நோயாளியைத் தனியே கொண்டுபோய் வைக்க 1926ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. புதிய குடியிருப்பு சிறைபோல் இராமல் வீடும் தோட்டமுமாக ஓர் ஊரைப்போல் அமையவேண்டும் என்று டாக்டர் டிராவர்ஸ் வாதாடினார். நல்ல மனத்தோடு செய்த காரியம்தான். ஆனாலும் உள்ளே போனவர் தம் விருப்பப்படி வெளியே வர முடியவில்லை. அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். பலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள்.

அந்த நோயாளிகள் உலகத்துக்குச் செய்த உதவியை எத்தனை பேர் அறிவோம்? டாப்சோன் மருந்துக்கு அடங்காத கிருமி உண்டு என்பது 1964இல் முதன்முதலாக நிரூபிக்கப்பட்டது, சுங்கை பூலோ நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியில்தான். ரிஃபாம்பிசின் இந்தக் கிருமியை விரைவாகக் கொல்லுகிறது என்பதும் அங்கே சோதித்து அறியப்பட்டு 1970இல் வெளியிடப்பட்டது. இன்று பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஒரு நோயாளி மாத்திரையை வாயில் போடுகிறார் என்றால், சுங்கை பூலோவில் இருந்தவர்களின் உடம்பு கொடுத்த அறிவும் அதில் கலந்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்களின் பெயர் மருத்துவ ஏடுகளில் இருக்கிறது. அந்த நோயாளிகளின் பெயரை நாம் அறியோம்.

2007இல் ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்துக்காகக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அப்பொழுது அங்கே வாழ்ந்த முதியவர்கள் வாய் திறந்தார்கள். வெளியே இருந்தவர்களும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். மற்றொரு பகுதி இன்றும் நிற்கிறது. கோலாலம்பூரிலிருந்து பூச்செடி வாங்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் சுங்கை பூலோவுக்குப் போகிறார்கள் அல்லவா? அந்தச் செடித் தோட்டங்களை வளர்த்தவர்களில் பலர், ஒரு காலத்தில் நாம் கண்ணெடுத்துப் பார்க்க அஞ்சிய அதே மனிதர்கள்தாம்.

தொட்டவரும் தொடப்பட்டவரும்

காந்தியடிகள் 1939 முதல் சேவாகிராம ஆசிரமத்தில் பர்ச்சுரே சாஸ்திரி என்ற சமஸ்கிருதப் பண்டிதரைத் தங்க வைத்து, அவருடைய தொழுநோய்ப் புண்களைத் தம் கையாலேயே கவனித்தார். அந்தக் கையை நாம் வணங்குகிறோம். ஆயினும் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரு காந்தி வரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது. அவரே எழுந்து பேசவேண்டும். அப்படிப் பேசியவர்கள் இருவரைச் சொல்லுகிறோம்.

முதலாமவர் அமெரிக்காவில் இருந்தவர். லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் கார்வில் என்றொரு தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்தது. 1894இல் முதல் நோயாளிகள் நிலக்கரிப் படகில் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1921இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவை அதை ஏற்றுக்கொண்டது. முள்வேலி இருந்தது. ஓட்டுரிமை இல்லை. உள்ளே போகிறவர்கள் குடும்பத்தின் மானம் காக்கத் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். 1931இல் அங்கே வந்த ஒரு மருந்தாளரும் அப்படியே ஸ்டான்லி ஸ்டைன் என்று பெயர் வைத்துக்கொண்டார். நோய் அவர் கண்களைப் பறித்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பத்திரிகை தொடங்கினார்!

1941இல் 'ஸ்டார்' என்ற பெயரில் அது வெளிவந்தது. நோயாளிகளே எழுதி, நோயாளிகளே அச்சுக் கோத்து, வெளியுலகத்துக்கு அனுப்பினார்கள். இந்நோயின் உண்மையை ஒளிபோல் பரப்புவதே அதன் கொள்கை. தவறாக எழுதிய செய்தித்தாள்களுக்கு மறுப்பு எழுதினார்கள். அதே 1941இல் கார்வில்லில் டாக்டர் ஃபேஜட், புரோமின் என்ற சல்ஃபோன் மருந்தைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். நோயாளிகள் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். மருந்து பலித்த செய்தியை உலகத்துக்குச் சொல்ல அவர்களிடம் சொந்தப் பத்திரிகை இருந்தது. மருந்து டாக்டரின் சாதனை. "இது தீரும் நோய்" என்று ஊரை நம்ப வைத்தது நோயாளியின் சாதனை. இரண்டும் சேர்ந்தன. 1946இல் அவர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. பின்னர் முள்வேலியும் போயிற்று. நோயாளியை இழித்துச் சொல்லும் ஆங்கிலச் சொல்லைக் கைவிடவேண்டும் என்று 1948இல் ஹவானாவில் கூடிய உலக மாநாடு முடிவு செய்தது. பார்வை இழந்த அந்த ஆசிரியர் 1967இல் காலமாகும்வரை இந்தப் போராட்டத்தை விடவில்லை.

சங்கத்துக்கு ஒரு பத்திரிகை ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாம் கார்வில்லைக் காட்டலாம்.

இரண்டாமவர் நம் தமிழர், பி. கே. கோபால் அவர்கள். இளமையில் இந்நோய் கண்டு குணமடைந்தவர். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் உள்ள தொழுநோய் மையத்தில் நோயாளிகளின் மறுவாழ்வுக்காகப் பல்லாண்டு உழைத்தார். 1994இல் பிரேசில் நாட்டுப் பெட்ரோபோலிஸ் நகரில், நோய் கண்டு தேறியவர்கள் பல நாடுகளிலிருந்து கூடி 'ஐடியா' என்ற உலக அமைப்பை நிறுவினார்கள். நிறுவியவர்களில் அவரும் ஒருவர். அதன் தலைவராகவும் இருந்தார். 2012இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. "எனக்கு இந்நோய் இருந்தது" என்று உலக மேடையில் தலைநிமிர்ந்து சொன்ன தமிழர் அவர். அந்த ஒரு சொல் எத்தனை பேரின் வெட்கத்தைப் போக்கியிருக்கும்!

இப்படிப்பட்டவர்கள் பேசப் பேச, அதிகாரிகளும் சட்டசபைகளும் கேட்கத் தொடங்கினார்கள். தொழுநோய் கண்டவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வேற்றுமையாக நடத்துவதை ஒழிக்கும் கோட்பாடுகளை ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை 2010இல் ஏற்றுக் கவனத்தில் கொண்டது. நோய் கண்டவர்களைச் சேவைகளில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வழிகாட்டிக் குறிப்புகளை வெளியிட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டலாம் என்று இந்தியச் சட்டங்களில் இருந்த விதி 2019இல் நீக்கப்பட்டது.

நம் தோட்டத்தில் செய்ய வேண்டியவை

சரி, கார்வில்லும் கும்பகோணமும் இருக்கட்டும். நம் தோட்டத்தில் நாம் செய்யவேண்டியது என்ன?

முதலாவது, கிளைக் கமிட்டி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதவேண்டும். ஆண்டுக்கு இருமுறையாவது தோட்டத்துக்கு வந்து தோல் பரிசோதனை செய்யும்படி கேட்கவேண்டும். தேமல் என்றால் எல்லாம் தொழுநோய் அன்று. அதைச் சொல்லவேண்டியவர் டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் அன்று. இன்று நம்மோடு நட்பாக இருக்கும் அதிகாரி நாளை மாற்றலாகிப் போவார். ஒரு முகத்தோடு மட்டும் வைத்த நட்பு அந்த முகத்தோடு போய்விடும். ஆகவே கடிதங்களையும், அவர்கள் கொடுத்த வாக்குகளையும், செயலாளர் ஒரு நோட்டில் எழுதி வைக்கவேண்டும். புதிய அதிகாரி வந்த வாரமே அந்த நோட்டோடு போய்ப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, அதிகாரி பேசும் மேடையில், நோயிலிருந்து தேறியவர் ஒருவரும், தாமே விரும்பினால், பக்கத்தில் அமர்ந்து பேசவேண்டும். விரும்பினால் என்பதை அழுத்திச் சொல்லுகிறோம். கட்டாயப்படுத்தி மேடையேற்றுவது காட்சிப் பொருளாக்குவது. அவருடைய பெயர் அவருக்குச் சொந்தம். அதனால்தான் இன்று நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. மேலும், அவர் சுகாதார இலாகாவைப் புகழ மட்டும் மேடைக்கு வருபவர் அல்லர். காத்திருக்கும் நேரம் நீளமானால், சொல்லும் மொழி புரியாவிட்டால், அதையும் அவர் சொல்லவேண்டும். அதிகாரி அதைக் குறித்துக்கொள்ளவேண்டும். குறையைச் சொல்லவும் கேட்கவும் முடிந்தால்தான் அது நட்பு.

மூன்றாவது, இதுதான் முக்கியம், வேலைக்கு உத்தரவாதம். கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு லீவு, மருந்து உட்கொள்ளும்போதும் அதே வேலை, கை மரத்துப்போனவருக்குக் கத்தியும் நெருப்பும் இல்லாத தகுந்த வேலை. இவற்றைச் சங்கம் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். "பெரட்டிலே பேர் கூப்பிட மாட்டாங்க" என்ற அச்சம் போகாதவரை எந்தச் சுவரொட்டியும் பயன் தராது. சுகாதார அதிகாரியும் இந்தக் கோரிக்கைக்குத் துணையாக நிர்வாகத்திடம் பேசவேண்டும். "இவரால் மற்றவருக்கு ஆபத்தில்லை" என்று அவர் சொல்லும் ஒரு சொல்லுக்கு, நம் நூறு சொல்லுக்கில்லாத மதிப்பு உண்டு.

நான்காவது, கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழுநோய், 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி டாக்டர் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்கவேண்டிய நோய். அறிவிப்பது இலாகாவுக்குத்தான், ஊருக்கு அன்று. ஆஸ்பத்திரிக் கடிதம் உங்கள் மேசைக்கு வந்தால், நோயின் பெயரைச் செக்ரோலில் எழுதாதீர்கள். நாலு பேர் காதில் விழும்படி படிக்காதீர்கள். 'மருத்துவ லீவு' என்ற இரண்டு சொல் போதும். உங்கள் பேனா ஒரு குடும்பத்தைக் காக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும்.

ஐந்தாவது, நம்மோடு இன்று வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காள தேசத் தோழர்களை மறக்கலாகாது. அயல்நாட்டுத் தொழிலாளருக்கான கட்டாய மருத்துவப் பரிசோதனையில் தொழுநோயும் சேர்ந்திருக்கிறது. தகுதியில்லை என்று முடிவானால் வேலை அனுமதி போகும். நமக்குப் பெரட்டில் பெயர் போகுமே என்ற பயம். அவருக்கு நாடு கடந்து வந்த கடனும் சேர்ந்த பயம். அவர் நம்மைவிட ஆழமாக மறைப்பார். அவர்களுடைய மொழியிலும் செய்தி போகவேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். சிகிச்சையை முடிக்கும்வரை அவர்களுக்கு வழி செய்யவேண்டும் என்றும் கேட்கவேண்டும். கிருமி பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. நமக்குப் பக்கத்து நிரையில் நிற்பவரின் நலமே நம் நலம்.

கடைசியாக, நம் வாயைத் திருத்துவோம். யாரையாவது ஏசுவதற்கு இந்த நோயின் பெயரை எடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சண்டையில் சொல்லும் அந்தச் சொல், சுவருக்கு அப்பால் சட்டைக் கைக்குள் தேமலை மறைத்துக்கொண்டிருப்பவரின் காதிலும் விழும். அது அவர் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தும்.

அவர் பேசிய நாள்

தொடங்கிய கதையை முடித்துவிடுகிறோம். அந்த வெட்டுக்காரர் குணமடைந்து சில ஆண்டு கழித்து, சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். பால் நிறுவை முடிந்து எல்லாரும் நின்றிருந்த நேரம். இன்ஸ்பெக்டர் படம் காட்டி விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். கேள்வி கேட்டவர் ஒருவருமில்லை. அப்பொழுது கூட்டத்தின் பின்னாலிருந்து அவர் முன்னுக்கு வந்தார். இன்ஸ்பெக்டரிடம், "ஐயா, நான் ரெண்டு வார்த்தை பேசலாமா?" என்று கேட்டார். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டினார். மடங்கிய விரல்களைத் தூக்கிக் காட்டினார். "மூணு வருசம் மறைச்சேன், இதுதான் மிச்சம். மறைக்காம இருந்தா இந்தக் கை உங்க கை மாதிரி இருந்திருக்கும். யாருக்காவது தேமல் இருந்தா நாளைக்கு என்கூட வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இன்ஸ்பெக்டர் அவருடைய அந்தக் கையை இரு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் இரண்டு பேர் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். ஒருவர், கையில் குழந்தையோடு வந்த தாய். குழந்தையின் முதுகில் இருந்தது வெறும் தேமல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர் ஓர் இளைஞர். அவருக்கு நோய் இருந்தது. தொடக்கத்திலேயே கண்டதால் மருந்து சாப்பிட்டுத் தீர்ந்துவிட்டது. அவருடைய பத்து விரலும் நன்றாக இருக்கின்றன.

அந்தப் பத்து விரலைக் காத்தது அதிகாரி மட்டுமன்று, நோய் கண்டவர் மட்டுமன்று. இருவரும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றதுதான் காத்தது. அப்படி அவர்கள் சேர்ந்து நிற்க இடம் அமைத்துக் கொடுப்பதும், பேசியவர் வேலை இழக்காமல் காவல் நிற்பதும் சங்கத்தின் கடமை. அந்தக் கடமையை இந்தக் கிளை இன்று ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.